மடவார் வளாகம் முதல் ஆரியங்காவு வரை... ஹைவேக்கு டீசல் எஸ்யூவி வாங்கலாமா?

மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலில் திருமலை நாயக்கரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தீராத வயிற்றுவலியோடு வந்த மதுரை மன்னருக்கு இந்தச் சன்னதியில்தான் வலி தீர்ந்ததாம். அதற்குப் பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பூஜை முடிந்தது என்ற செய்தி வந்து சேராமல் அவர் சாப்பாட்டில் கை வைக்க மாட்டாராம். செய்தி போக வழி? மதுரை வரை சாலையோரம் வரிசையாக நகரா மண்டபங்கள். ஒரு மண்டபத்து முரசுச் சத்தம் அடுத்த மண்டபத்துக்குக் கேட்கும், அங்கிருந்து அதற்கடுத்தது. இப்படியே சுமார் 75 கிலோமீட்டரைச் சத்தம் ஓடிக் கடந்துவிடும்.

இன்று அந்த வழியில் ஓடுவது லாரிகளும் பேருந்துகளும் கார்களும். மதுரைத் திருமங்கலத்தையும் கேரளத்துக் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744 (பழைய 208) ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் போகிறது. மொத்தம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சிமென்ட், காய்கறி, வைக்கோல் என எல்லாம் இதில்தான் மலை தாண்டும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள், ஆனி, ஆடியில் குற்றாலம் கூட்டம்.

இந்தச் சாலையில் குடும்பத்தோடு அடிக்கடி போய்வர ஒரு டீசல் எஸ்யூவி வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு வீடு, நான்கு கேள்விகள்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மடவார் வளாகத்தில் வீடு. அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலை, தினமும் பைக்கில் போய்வருகிறார். அம்மா பள்ளி ஆசிரியை, பிறந்த வீடு தென்காசி. மகள் கோவையில் கல்லூரி விடுதியில். மகன் எட்டாம் வகுப்பு. அப்பத்தாவுக்கு மூட்டுவலி, மாதம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரி. பழைய சின்ன கார் போதவில்லை. ஆன்ரோடு 20 லட்சம் வரை பட்ஜெட்.

பேச்சு ஆரம்பித்ததும் வீட்டில் நான்கு கேள்விகள் எழும்.

"சன்ரூஃப் இருக்காப்பா?" இது மகன்.

"லோடோட போகும்போது லாரியைத் தாண்ட இழுக்குமா?" இது அப்பா.

"ஏறி இறங்க எனக்குத் தோதா இருக்குமாடா?" இது அப்பத்தா.

"ஏங்க, மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவோம்?" இது அம்மா.

ஷோரூமில் முதல் கேள்விக்குத்தான் உடனே பதில் கிடைக்கும். பட்டனைத் தட்டிக் கூரையைத் திறந்தே காட்டிவிடுவார்கள். மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சாலையிலும், ஒரு துண்டுக் காகிதத்திலும்தான் இருக்கிறது.

எந்த வண்டிகள்?

நடுத்தர எஸ்யூவி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஹூண்டாய் கிரெட்டா. 2015-ல் அறிமுகமானது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் தயாராவது. 2024 ஜனவரியில் புதுப்பித்து வந்த கிரெட்டாவில் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் தொடர்ந்தது. கியா செல்டோஸிலும் இதே குடும்பத்து டீசல்தான். ஒரு படி பெரிய வண்டி வேண்டும் என்றால் 2 லிட்டர் டீசலோடு டாடா ஹாரியர், 2.2 லிட்டர் டீசலோடு மஹிந்திரா எக்ஸ்யூவி700. கிரெட்டாவின் நடு, உயர் வேரியன்ட் விலைக்கு இந்தப் பெரிய வண்டிகளின் ஆரம்ப வேரியன்ட் வந்துவிடும் என்பதால், ஒரே பட்ஜெட்டில் இவை எல்லாமே போட்டிக்கு வந்து நிற்கின்றன.

டீசல் கார்களின் பட்டியல் முன்பு இன்னும் நீளமாக இருந்தது. சென்னை ஒரகடத்தில் தயாராகி 2012-ல் வந்த ரெனோ டஸ்ட்டரின் டீசலுக்கு நெடுஞ்சாலைப் பிரியர்கள் நிறைய. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது டஸ்ட்டர் டீசலை விட்டது. மாருதியும் டீசல் கார்களை மொத்தமாக நிறுத்தியது. டீசலைச் சுத்தமாக எரிக்கவும், புகையை வடிகட்டவும் ஆகும் செலவு சின்ன கார்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் இன்று டீசல் பெரும்பாலும் எஸ்யூவிகளிலும் பெரிய குடும்ப வண்டிகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது.

லாரியைத் தாண்டும் அந்த ஆறு வினாடி

அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். ராஜபாளையம் தாண்டி சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று தென்காசி வரை போகிறவர்களுக்கு இது தெரியும். நடுவில் தடுப்பு இல்லாத இரு வழிச் சாலையில் முன்னால் ஒரு லோடு லாரி ஐம்பதில் ஊர்ந்துகொண்டிருக்கும். எதிரே வண்டி வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே கார்கள் பின்தொடரும்.

ஒரு சின்ன கணக்கு. லாரி மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறது. கார் 80-ல் அதைத் தாண்டுகிறது. பின்னால் 20 மீட்டர் இடைவெளியில் தொடங்கி, லாரியின் நீளத்தையும் காரின் நீளத்தையும் கடந்து, முன்னால் 20 மீட்டர் விட்டு இடப்பக்கம் திரும்பினால், லாரியைவிட சுமார் 55 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். அதற்கு ஆறரை வினாடி ஆகும். அந்த நேரத்தில் கார் கிட்டத்தட்ட 150 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 80-ல் வரும் வண்டியும் அதே அளவு நெருங்கியிருக்கும். அதாவது குறைந்தது 300 மீட்டராவது சாலை காலியாகத் தெரிய வேண்டும்.

இதே கார், ஆள் நிறைந்து ஏசியும் ஓடுவதால் இழுக்க முடியாமல் 65-ஐத் தாண்டவில்லை என்றால்? ஓவர்டேக்குக்கு 13 வினாடி ஆகும், காலியாக இருக்க வேண்டிய சாலை 500 மீட்டரைத் தாண்டும். இரு வழிச் சாலையில் அத்தனை தூரம் நேராகவும் காலியாகவும் கிடைப்பது அரிது. கிடைக்கும் என்று நம்பி வெளியே எடுத்துவிட்டு, பாதியில் முழிக்கும் இடத்தில்தான் நேருக்கு நேர் மோதல்கள் நடக்கின்றன.

இங்கே வேலை செய்வது டார்க், அதாவது இன்ஜினின் இழுவிசை. கிரெட்டாவிலேயே இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோலின் பவர் 115 பிஎஸ். டீசலின் பவர் 116 பிஎஸ். காகிதத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் பெட்ரோலின் டார்க் 144 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 ஆர்பிஎம்மில். டீசலில் 250 நியூட்டன் மீட்டர், 1,500 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கத் தொடங்கி 2,750 வரை நிற்கிறது. லாரிக்குப் பின்னால் ஐம்பதில் போகும்போது இன்ஜின் சுற்றுவது இந்தக் கீழ்ப்பகுதியில்தான். பெட்ரோல் என்றால் இரண்டு கியர் குறைத்து, இன்ஜினை அலறவிட வேண்டும். டீசலில் ஒரு கியர் குறைத்தால் போதும், பல நேரம் அதுவும் தேவைப்படாது.

ஹாரியரில் 170 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர். எக்ஸ்யூவி700-ல் ஆரம்ப வேரியன்ட்டுக்கு 155 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர். உயர் வேரியன்ட்டில் 185 பிஎஸ், மேனுவலுக்கு 420, ஆட்டோமேட்டிக்குக்கு 450. எண்கள் பெரிது, வண்டியின் எடையும் அதிகம். அப்படியிருந்தும் ஐந்தாறு பேர், டிக்கி நிறைய சாமான் என்று ஏற்றும்போது இந்தக் கூடுதல் இழுவிசை உதவும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கிரெட்டாவில் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோலும் இருக்கிறது: 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். இழுவிசை மட்டும்தான் வேண்டும் என்றால் டீசல் ஒன்றே வழி அல்ல. ஆனால் வேகமாக ஓட்டினால் டர்போ பெட்ரோலின் மைலேஜ் சட்டென்று இறங்கிவிடும், பட்ஜெட்டும் ஏறும்.

ஓடுவதைவிட நிற்பது முக்கியம்

டெஸ்ட் டிரைவில் பிக்கப் பார்க்காதவர்கள் இல்லை. பிரேக் பார்ப்பவர்கள் குறைவு.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார், ஒரு வினாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஆட்டுக்கூட்டம் வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக அந்த ஒரு வினாடி ஆகும். பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரில், அழுத்திப் பிடித்தால் நிற்க இன்னும் 35 மீட்டருக்கு மேல். மொத்தம் 60 மீட்டருக்கு அருகில். 100-ல் போனால் இது 85 மீட்டரை நெருங்கும். வேகம் கால் பங்குதான் ஏறியது, நிற்கும் தூரம் கிட்டத்தட்ட பாதி கூடிவிட்டது.

இரவில் இதை இன்னொரு விதமாகப் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டின் லோ பீம் தெளிவாகக் காட்டுவது சுமார் ஐம்பது, அறுபது மீட்டர்தான். எதிரே வண்டி வரும்போது ஹை பீம் போட முடியாது. அப்படியானால் 80-ல் போகிறவர், தன் வெளிச்சத்துக்கு உள்ளே நிற்க முடியாத வேகத்தில் போகிறார் என்று பொருள். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் டிராக்டர் டிரெய்லர் கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும். அதனால் வாங்கும் முன் ஒரு தடவையாவது இருட்டிய பிறகு வண்டியை ஓட்டிப் பாருங்கள். வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுகிறது, இடது ஓரம் தெரிகிறதா என்பதை ஷோரூம் விளக்கில் கண்டுபிடிக்க முடியாது.

கிரெட்டாவின் 2024 மாடலில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஆறு ஏர்பேக், வண்டி சறுக்கினால் நேராக்கும் ஈஎஸ்சி எல்லாம் ஆரம்ப வேரியன்ட்டிலிருந்தே உண்டு. எஸ்யூவி உயரமான வண்டி, திடீரென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் கவிழும் வாய்ப்பு தாழ்வான காரைவிட அதிகம். ஆகவே ஈஎஸ்சி இல்லாத எஸ்யூவி பழைய வண்டிச் சந்தையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். சபரிமலைக்குப் போகும்போது மேலே கேரியரில் மூட்டை கட்டுவதும் இதே காரணத்தால் ஆபத்து. கனம் கீழே இருக்கட்டும்.

மோதல் சோதனை நட்சத்திரங்களையும் கேளுங்கள். இந்தியாவின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் முதலில் 5 நட்சத்திரம் வாங்கியவை ஹாரியரும் சஃபாரியும். எக்ஸ்யூவி700, 2021-ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரமும் குழந்தைகளுக்கு 4-ம் பெற்றது. இரண்டு ஏர்பேக் மட்டும் இருந்த அன்றைய கிரெட்டாவுக்கு 2022-ல் அதே அமைப்பு 3 நட்சத்திரம் கொடுத்தது. ஏர்பேக் எண்ணிக்கை கூடியது நல்லதுதான். ஆனால் ஏர்பேக்கை எண்ணுவதும் நட்சத்திரத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல. வாங்கப்போகும் மாடலுக்கு, வாங்கும் நாளில் சோதனை முடிவு இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

அப்பத்தாவின் இருக்கை

டெஸ்ட் டிரைவுக்கு வழக்கமாக அப்பாவும் விற்பனைப் பிரதிநிதியும் மட்டும் போவார்கள். திரும்பி வந்து "சூப்பரா இருக்கு" என்பார்கள். வண்டியில் பாதி நாள் பின்னால் உட்காரப்போகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

மூட்டுவலி உள்ளவருக்குத் தாழ்வான காரில் குனிந்து விழுவதும் கஷ்டம், மிக உயரமான வண்டியில் ஏறுவதும் கஷ்டம். இடுப்பை இருக்கையில் வைத்து, உட்கார்ந்தபடியே காலை உள்ளே இழுக்க முடிகிற உயரம்தான் தோது. கிரெட்டா அளவு வண்டிகள் பலருக்கு அந்த உயரத்தில் அமைகின்றன. ஹாரியர், எக்ஸ்யூவி700 இன்னும் கொஞ்சம் உயரம். சைடு ஸ்டெப் தேவைப்படலாம். இது ஆளுக்கு ஆள் மாறும். அப்பத்தாவையே ஷோரூமுக்குக் கூட்டிப்போய் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்வதைவிட நல்ல சோதனை இல்லை.

பிறகு பின் இருக்கையில் மூன்று பேரை உட்கார வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். நடுவில் இருப்பவருக்குத் தலை சாய்க்க இடம் உண்டா, மூன்று முனை சீட் பெல்ட் உண்டா, ஏசி காற்று பின்னால் வருகிறதா, சாலை ஒட்டுப்போட்ட இடத்தில் தூக்கிப் போடுகிறதா? 'சாஃப்ட்' சஸ்பென்ஷன் ஊருக்குள் சுகமாக இருக்கும். ஆனால் வேகத்தில் அலைபோல ஆடினால் பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டும்.

பெல்ட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2022 செப்டம்பர் 4-ம் தேதி, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். அது விலை உயர்ந்த, பாதுகாப்பு வசதிகள் நிறைந்த எஸ்யூவி. அவர் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீஸார் தெரிவித்தார்கள். எத்தனை நட்சத்திரம் வாங்கிய வண்டியும் பெல்ட் போடாதவரைக் காப்பாற்ற முடியாது. பின் இருக்கையில் பெல்ட் போடுவது சட்டப்படியும் கட்டாயம்.

ரத வீதியும் மலைச் சாலையும்

ஹைவேக்கு என்று வாங்கினாலும் வண்டி நிற்கப்போவது உங்கள் தெருவில்தான். கிரெட்டாவின் அகலம் 1.79 மீட்டர். ஹாரியர் 1.92 மீட்டர். ஐந்து அங்குலம் கூட. ஆண்டாள் கோயில் பக்கத்து வீதிகளில் ஒரு கூட்ட நாளிலும், கடையநல்லூர் கடைத்தெருவிலும் அந்த ஐந்து அங்குலத்தின் அருமை தெரியும். வீட்டு கேட்டின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போவது அதிகப்படியான ஜாக்கிரதை அல்ல.

செங்கோட்டை தாண்டி புளியரையில் மலை ஏறத் தொடங்கும். ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர். கழுத்துருட்டியில் ரயிலின் பதிமூன்று கண் பாலம் சாலையிலிருந்தே தெரியும். இந்த ஏற்றத்தில் டீசல் அலுங்காமல் ஏறும். கவனிக்க வேண்டியது இறக்கத்தைத்தான். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு குறையும். ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள், கியரை நாமே இறக்கிக்கொள்ளும் மேனுவல் மோடு இருக்கிறதா என்று பார்த்து, அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். பக்கவாட்டுக் காற்று உயரமான வண்டியைத் தள்ளும். லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் ஸ்டியரிங் லேசாக இழுப்பதை உணரலாம். அந்தப் பருவத்தில் வேகத்தைக் குறைப்பதுதான் ஒரே மருந்து.

முன்னால் இருப்பதைக் கண்டு தானே பிரேக் போடும் 'அடாஸ்' வசதி உயர் வேரியன்ட்களில் வருகிறது. கோடு போட்ட நான்கு வழிச் சாலையில் நன்றாக உதவும். திருமங்கலத்தில் நான்கு வழிச் சாலை 44-ஐப் பிடித்துச் சென்னைக்குப் போகும்போது அலுப்பைக் குறைக்கும். எதிர்த்திசையில் பைக் வரும், மாடு நிற்கும் ஊர்ச் சாலையில் அது திடீரென்று பிரேக் பிடிப்பதும் உண்டு. வசதி இருக்கட்டும், அதை நம்பிக் கண்ணை எடுக்கக் கூடாது.

அம்மா போட்ட கணக்கு

இனி அந்தத் துண்டுக் காகிதம். எல்லா எண்களும் புரிதலுக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே வேரியன்ட்டில் டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூட என்று வைப்போம். நெடுஞ்சாலையில் டீசல் லிட்டருக்கு 18, பெட்ரோல் 14 கிலோமீட்டர் என்று வைப்போம். டீசல் விலை 92, பெட்ரோல் 100. கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் ஏழு ரூபாய்க்குச் சற்று மேல், டீசலில் ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல். மிச்சம் இரண்டு ரூபாய். ஒன்றரை லட்சத்தைத் திரும்ப எடுக்க 75,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் மூன்று வருடத்தில் கைக்கு வரும். 1,000 ஓட்டினால் ஆறு வருடம். 500 என்றால் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். அதற்குள் வண்டியை மாற்றியிருப்பீர்கள்.

நம் குடும்பத்துக்கு? மதுரை இரண்டு தடவை 300, தென்காசி இரண்டு தடவை 300, கோவை ஒரு தடவை போய்வர 500-க்கு மேல், ஊருக்குள் 200. மாதம் 1,300. அப்படியானால் ஐந்து வருடம். "மக இன்னும் ரெண்டு வருஷத்துல படிப்பு முடிச்சிருவாளே, அப்புறம் கோயம்புத்தூர் எதுக்கு?" என்று அம்மா கேட்பார். அதன் பிறகு மாதம் 800. கணக்கு ஆறரை வருடத்துக்கு நீளும்.

டீசலில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. பிஎஸ்6 டீசலின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கும். சூடேறி ஒரே சீராக ஓடும்போது அந்தக் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். தினமும் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது நடக்காது. அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும், முற்றினால் பெரிய செலவு. விளக்கு எரிந்தால் பயப்படாமல், கையேட்டில் சொன்னபடி கால் மணி, இருபது நிமிடம் ஹைவேயில் சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில டீசல்களுக்கு 'டெஃப்' என்ற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். வாங்கும் வண்டிக்கு அது உண்டா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்லிப் பக்கம் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதைக் கேள்விப்பட்டுச் சிலர் தயங்குகிறார்கள். அது தலைநகர் வட்டாரத்துக்கான உத்தரவு, தமிழ்நாட்டுக்கு அல்ல.

முடிவாக...

மாதம் 700 கிலோமீட்டருக்குக் கீழே, பெரும்பாலும் ஊருக்குள் என்றால் பெட்ரோல் போதும். மிச்சமாகும் ஒன்றரை லட்சத்தில் பாதுகாப்பு அதிகமுள்ள வேரியன்ட்டை வாங்கலாம். 1,500-க்கு மேல், அதுவும் நீண்ட பயணங்கள் என்றால் யோசிக்காமல் டீசல். 50 லிட்டர் டேங்கை நிரப்பிப் புறப்பட்டால் சுமார் 535 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமிருக்கும்.

இடைப்பட்டவர்களுக்கு, நம் குடும்பத்தைப் போன்றவர்களுக்கு, மிச்சம் பிடிக்க என்று டீசல் வேண்டாம். இரு வழிச் சாலையில் ஐந்து பேரோடு நிதானமாக லாரியைத் தாண்ட அந்த இழுவிசை வேண்டும் என்றால் வாங்கலாம். வாங்கினால் ஏழெட்டு வருடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்த் தெரு குறுகல், ஆள் ஐந்து என்றால் கிரெட்டா, செல்டோஸ் அளவு. சாமானும் ஆளும் எப்போதும் நிறைய, மோதல் சோதனை முடிவும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஹாரியர், எக்ஸ்யூவி700-ன் ஆரம்ப வேரியன்ட். சன்ரூஃபுக்காக ஒரு படி மேலே போகிறவர்கள், அந்தப் பணத்தில் டயரும் நல்ல ஹெட்லைட்டும் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடட்டும்.

ஷோரூம்காரர்கள் கொடுக்கும் ஐந்து கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவ் இதற்கெல்லாம் போதாது. மதுரையில் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம், அல்லது சொந்தக்காரர் வண்டியில் அவரோடு போகலாம். குடும்பம் முழுவதும் ஏறி, ஏசி போட்டு, சாமான் வைத்து, மடவார் வளாகத்திலிருந்து தென்காசி வரை ஒரு தடவை. போகும்போது பகல், திரும்பும்போது இரவு. செலவு சில ஆயிரம் ஆகலாம். இருபது லட்சத்தில் தவறு செய்வதைவிட அது மலிவு.

அன்றைக்கு ஸ்டியரிங்கில் அப்பா இருக்கட்டும். மார்க் போடுவது அப்பத்தாவாக இருக்கட்டும். நூற்றைம்பது கிலோமீட்டர் போய்வந்து இறங்கும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு அவர் "இடுப்பு வலிக்கலடா" என்று சொன்னால் வண்டி தேறிவிட்டது.